கைமாறி வரும் பிலிம் கேமரா: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

பழைய கேமரா ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது வெளித்தோற்றத்தைத்தான். கீறல் இருக்கிறதா, பெயிண்ட் போயிருக்கிறதா, பெட்டி இருக்கிறதா, தோலுறை இருக்கிறதா. நிக்கான், கேனன், லைக்கா, ஹாசல்பிளாட் மாதிரி தொழில்முறை பிலிம் கேமரா வாங்கப் போகிறவர்களை இந்தப் பார்வை பல நேரம் தப்பான கேமராவிடம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அதிலும் கோலாலம்பூர், பினாங்கு மாதிரி ஈரக்காற்று அடிக்கிற ஊரில் இன்னும் சீக்கிரம். இங்கே ஒரு கேமரா எவ்வளவு உழைத்தது என்பதைவிட, உழைக்காத காலத்தில் அது எங்கே கிடந்தது என்பதுதான் அதன் நிலைமையைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் விளக்கப் போகிறேன், முதன்முதலாக வாங்குகிறவர்களை மனதில் வைத்து.

தொழில்முறை கேமரா என்று எதைச் சொல்கிறோம்? பத்திரிகைக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் எதை வைத்துப் பிழைத்தார்களோ அதை. 1959இல் வந்த நிக்கான் எஃப் அந்த வகைக்கு ஒரு அடையாளம் போட்டுக் கொடுத்தது: கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைக் கழற்றி மாற்றலாம், போகஸ் திரையை மாற்றலாம், அடியில் மோட்டார் மாட்டலாம். 1971இல் நிக்கான் எஃப்2, அதே வருடம் கேனன் எஃப்-1, 1980இல் நிக்கான் எஃப்3, 1988இல் எஃப்4, 1996இல் எஃப்5. கேனன் பக்கம் 1989இல் ஈஓஎஸ்-1, 2000இல் ஈஓஎஸ்-1வி. லைக்காவின் எம் வரிசை 1954இல் எம்3யோடு ஆரம்பம். ஸ்டுடியோவிலும் கல்யாண வேலையிலும் ஹாசல்பிளாட் 500 வரிசை, மாமியா ஆர்பி67. கேனன் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000 எல்லாம் நல்ல கேமராக்கள்தான், அவற்றில் எடுத்த படத்துக்கு ஒரு குறையும் கிடையாது, ஆனால் அவை வீட்டில் வைத்துப் புழங்கச் செய்தவை. தொழில்முறைக் கேமராவைத் திறந்து, பழுது பார்த்து, மறுபடி வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்று கேட்டால், எஃப்5, ஈஓஎஸ்-1வி இரண்டின் ஷட்டருக்கும் (பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் கதவு) தயாரித்தவர்கள் வைத்த கணக்கு 1,50,000 முறை. ஒரு ரோலுக்கு 36 படம் என்றால் 4,000 ரோலுக்கு மேல். மாதம் இரண்டு ரோல் எடுக்கிற ஒருவருக்கு அது 170 வருடத்துக்கும் கூடுதலாக வரும். பத்திரிகையில் அடிபட்ட கேமரா என்றால் அதில் ஒரு பகுதி போயிருக்கும், போகட்டும், மிச்சம் இருப்பதே நம் ஆயுளுக்குப் போதும். அதனால் "ரொம்ப ஓடின கேமரா" என்று பயப்படாதீர்கள். மூலைகளில் கறுப்பு பெயிண்ட் தேய்ந்து பித்தளை மின்னுகிறதா, அது யாரோ தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போனதற்கான தடயம். தினமும் வெளிக்காற்று பட்ட கேமரா. இந்த ஊரில் அது நல்ல செய்தி.

வெளியில் கவனிக்க வேண்டியவை வேறு. லென்ஸின் முன்வளையம் நெளிந்திருந்தால் கேமரா கீழே விழுந்திருக்கிறது. வியூஃபைண்டருக்கு மேலே இருக்கும் பிரிசம் மேட்டில் குழி இருந்தாலும் அப்படித்தான். ஸ்க்ரூக்களின் தலையை உற்றுப் பாருங்கள்: பிளவு சிதைந்து, ஓரம் மழுங்கியிருந்தால், சரியான கருவி இல்லாத யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். என் கணக்கில் பத்துக் கீறலைவிட ஒரு சிதைந்த ஸ்க்ரூ மோசம்.

சரி, ஈரத்துக்கு வருவோம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது, காலை நேரத்தில் அதற்கும் மேல். லென்ஸில் பூஞ்சை பிடிக்க அவ்வளவு ஈரம்கூட வேண்டாம், 65, 70 விழுக்காட்டைத் தாண்டி, இருட்டாக, காற்றோட்டம் இல்லாமல் இருந்தாலே போதும். பூஞ்சையின் விதைகள் எங்கும் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் எப்படியும் சில போய் உட்கார்ந்திருக்கும். தூசு, விரல் எண்ணெய், லென்ஸுக்குள் இருக்கும் மசகெண்ணெயின் ஆவி இதையெல்லாம் தின்று வளரும். வளரும்போது அமிலம் சுரக்கும், அந்த அமிலம் கண்ணாடியின் மேல் இருக்கும் பூச்சையும், நாள்பட்டால் கண்ணாடியையும் அரித்துவிடும். ஆரம்பத்தில் துடைத்து எடுத்துவிடலாம். அரிப்பு விழுந்த பிறகு பூஞ்சையைத் துடைத்தாலும் அதன் தடம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், தாத்தா பத்திரமாகத் தோலுறைக்குள் போட்டு, பெட்டிக்குள் வைத்து, அலமாரி மேல்தட்டில் இருபது வருடம் பூட்டி வைத்த கேமரா. வெளியே ஒரு கீறல் இருக்காது. விற்கிறவர் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோலிலேயே பூசணம் பூக்கும், பெட்டிக்குள் காற்று அசையாது. பூஞ்சைக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது. அந்த மாதிரி பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். பூசண வாடை மூக்கில் ஏறினால் லென்ஸை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பார்க்கிற முறை இதுதான். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து வையுங்கள். கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். அப்புறம் திருப்பி, முன்னாலிருந்து அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் எந்தப் பழைய லென்ஸும் பயமுறுத்தும், உள்ளே தூசு தூசாகத் தெரியும், அது பரவாயில்லை, படத்தில் வராது. நீங்கள் தேடுவது நூல் நூலாகக் கிளைபிரிந்து ஓடும் வெள்ளைக் கோடுகளை, அவை பெரும்பாலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். நடுவில், பின்பக்கக் கண்ணாடியில் படர்ந்திருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், பின்பக்கத்தில் இருக்கும் குறைதான் படத்தை அதிகம் கெடுக்கும்.

பூஞ்சையைவிட ஏமாற்றுகிற ஒன்று மூட்டம். கண்ணாடிக்கு நடுவே மெல்லிய பால் நிறப் படலம் ஒரே சீராகப் பரவியிருக்கும், சாதாரண வெளிச்சத்தில் தெரியவே தெரியாது, டார்ச் அடித்தால்தான் தெரியும். இது இருக்கிற லென்ஸில் வெயிலுக்கு எதிராக எடுக்கிற படமெல்லாம் வெளிறிப்போய், கறுப்பு கறுப்பாக இருக்காது. சில சமயம் சுத்தம் செய்து எடுத்துவிடலாம், சில சமயம் கண்ணாடியே கெட்டுப்போயிருக்கும், திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அதே மாதிரி, ஒட்டி வைத்த இரண்டு கண்ணாடிகள் விலக ஆரம்பித்திருந்தால் ஓரத்தில் வானவில் நிறம் தெரியும், அதைச் சரிசெய்வது பெரிய செலவு. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவின் லென்ஸில் இதழ்கள் சடாரென்று மூடித் திறக்க வேண்டும், எண்ணெய் பட்டால் மெதுவாக மூடும், படம் வெளிச்சம் கூடி வரும்.

வியூஃபைண்டருக்குள் தெரியும் பூஞ்சை படத்தில் வராது. பார்க்க எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். அதைக் காட்டி விலை பேசலாம். ஆனால் உள்ளே இருக்கும் சாய்வுக் கண்ணாடியை மட்டும் துணியால் துடைத்துவிடாதீர்கள், அதன் வெள்ளிப்பூச்சு மேற்புறத்திலேயே இருக்கிறது, ஒரு தடவை துடைத்தாலே கீறிக்கொள்ளும்.

அடுத்தது ஷட்டர். புதிதாக வாங்குகிறவர்கள் இதைத்தான் சரியாகப் பார்ப்பதில்லை, ஒரு தடவை அழுத்தி "சத்தம் கேட்கிறது" என்று திருப்தியாகிவிடுகிறார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் சோதிப்பது சுலபம். பிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது திரை பின்னாலேயே ஓடி மூடும். மெதுவான வேகத்தில் முதல் திரை முழுக்கத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு இரண்டாவது கிளம்பும். 1/1000 நொடி மாதிரி வேகத்தில் முதல் திரை பாதிகூடப் போயிருக்காது, அதற்குள் இரண்டாவது புறப்பட்டுவிடும், இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் பிலிமின் குறுக்கே ஓடும். அந்த இடைவெளி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருக்க வேண்டும். முதல் திரையின் எண்ணெய் இறுகி அது தயங்கினால், இரண்டாவது வந்து முட்டி இடைவெளியை மூடிவிடும். படத்தில் ஒரு பக்கம் கறுத்துப்போகும், அல்லது பாதி காணாமலேயே போகும்.

மெதுவான வேகங்களைப் பல்சக்கரங்கள் கட்டுப்படுத்துகின்றன. எஃப்2 மாதிரி முழு இயந்திரக் கேமராவில் 1 நொடி வைத்து அழுத்தினால் உள்ளே சீராக ஒரு கிர்ர்ர் சத்தம் ஓடி முடியும். நடுவில் இழுத்துக்கொண்டாலோ, நின்று நின்று ஓடினாலோ, எண்ணெய் காய்ந்துவிட்டது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: விற்கிறவர் உங்களிடம் காட்டும் முன்னால் நாலைந்து தடவை அழுத்திப் பழக்கியிருக்கலாம். கிடந்த கேமராவில் முதல் அழுத்தல் மந்தமாகவும், பத்தாவது அழுத்தல் சரியாகவும் இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்தால் மறுபடி மந்தமாகிவிடும். அதனால் யாரும் தொடும் முன்னால் நீங்களே கையில் வாங்கி, 1 நொடியில் முதல் அழுத்தலைப் போடுங்கள். அந்த முதல் அழுத்தல்தான் உண்மையைச் சொல்லும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமா, கைப்பேசியின் ஸ்லோ மோஷன் போதும். பின்கதவைத் திறந்து, பிலிம் இல்லாமல், லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான ஜன்னல் பக்கம் காட்டி, நொடிக்கு 240 ஃப்ரேம் வேகத்தில் படம் பிடியுங்கள். 1 நொடி என்றால் 240 ஃப்ரேம் திறந்திருக்க வேண்டும், 1/30 என்றால் 8 ஃப்ரேம். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் கவலை வேண்டாம், நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு பிலிம் எடுக்கப் போகிறவர்கள்தான் கறாராக இருக்க வேண்டும். 1/1000க்கு இந்த வழி உதவாது. அதற்குக் கண்தான். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து பாருங்கள், அழுத்தியதும் மின்னுகிற அந்தச் செவ்வகம் முழுக்க ஒரே வெளிச்சமாகத் தெரிகிறதா, ஒரு ஓரம் மங்குகிறதா. பல தடவை பாருங்கள். திரையில் ஈரமான கறுப்புக் கறை இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம், 1980களின் கடைசியில் வந்த சில கேனன் ஈஓஎஸ் மாடல்களில் உள்ளே இருக்கும் ரப்பர் கரைந்து திரையில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் பெரிய முடிவு ஒன்று வருகிறது: இயந்திரமா, மின்னணுவா? நிக்கான் எஃப், எஃப்2, பழைய கேனன் எஃப்-1, லைக்கா எம்6, ஹாசல்பிளாட் 500சி/எம், மாமியா ஆர்பி67 இவற்றின் ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை, வெளிச்சம் அளக்கும் மீட்டர் இருந்தால் அதற்கு மட்டும்தான். எதுவும் இறுகிப்போனால் தெரிந்த கை ஒன்று திறந்து, கழுவி, எண்ணெய் போட்டு ஓட வைத்துவிடும். எஃப்3யிலிருந்து ஷட்டரின் நேரத்தை மின்சுற்று பார்த்துக்கொள்கிறது. எஃப்3யில் பேட்டரி தீர்ந்தால் முன்பக்கத்தில் ஒரு சின்ன நெம்பியை இழுத்து ஏறக்குறைய 1/60 நொடியில் மட்டும் படம் எடுக்கலாம், வாங்கும்போது அதையும் இழுத்துப் பாருங்கள். எஃப்4, எஃப்5, ஈஓஎஸ்-1 வரிசை எல்லாம் முழுக்க மின்னணு. சுற்று போய்விட்டால் புதிய பாகம் கிடையாது, இன்னொரு செத்த கேமராவிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

இதைச் சொன்னதும் "அப்போ இயந்திரக் கேமராவே வாங்கலாம்" என்று தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் அலமாரியில் கிடந்த எஃப்2வைவிட, நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த எஃப்5 நல்ல வாங்கல். ஈஓஎஸ்-1வி வாங்கினால் 1987க்குப் பிறகு வந்த கேனன் இஎஃப் லென்ஸ்கள் அப்படியே பொருந்தும், உங்களிடம் ஏற்கெனவே டிஜிட்டல் எஸ்எல்ஆருக்கு வாங்கிய இஎஃப் லென்ஸ் இருந்தால் உடலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். கல்யாணத்தில், கோயில் திருவிழாவில், ஓடுகிற பிள்ளைகளைத் துரத்தி எடுக்க வேண்டும் என்றால் தானாகப் போகஸ் பிடிக்கும் கேமராவுக்கு ஈடில்லை. நிதானமாக எடுக்கப் போகிறேன், இருபது வருடம் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றால் இயந்திரம்.

மின்னணுக் கேமராவில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். எல்சிடி திரையில் எண்கள் முழுசாகத் தெரிகின்றனவா, ஓரத்தில் மை கசிந்த மாதிரி கறுப்பு படர்ந்திருக்கிறதா (எஃப்4இல் இது சகஜம்). எஃப்100, எஃப்5 போன்றவற்றின் பின்புற ரப்பர் நம் வெக்கையில் பிசுபிசுத்துப் போகும், அசிங்கமாக இருக்கும், ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும். பேட்டரி அறையைத் திறந்து பச்சை அல்லது வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் வினிகர் தொட்டுச் சுத்தம் செய்யலாம், உள்ளே ஓடும் ஒயருக்குள் ஏறியிருந்தால் வேண்டாம். "பேட்டரி இல்லை, அதனால் டெஸ்ட் பண்ணலை" என்று விற்கிறவர் சொன்னால் கெட்டுப்போன கேமரா என்றே கணக்குப் போட்டு விலை பேசுங்கள், ஏனென்றால் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். நீங்களே கொண்டுபோங்கள்: எஃப்3க்கு எல்ஆர்44 இரண்டு, எஃப்5க்கு டபுள் ஏ எட்டு.

பழைய கேனன் எஃப்-1, நிக்கான் எஃப்பின் மீட்டர் வைத்த பிரிசம் போன்றவை 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்குச் செய்தவை, அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். பார்மசியில் கிடைக்கும் 675 என்ற காதுக்கருவிப் பேட்டரியை ஒரு வளையத்தில் வைத்துப் போட்டுக்கொள்ளலாம், வோல்ட் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். மீட்டர் செத்தே இருந்தாலும் இயந்திரக் கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை, கைப்பேசியில் ஒரு மீட்டர் செயலி போதும்.

கதவு ஓரங்களில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு விஷயத்தில் யாரும் பதற வேண்டாம். பல்குத்தியால் தொட்டால் தார் மாதிரி ஒட்டும் அல்லது உதிரும், எல்லாப் பழைய கேமராவிலும் இப்படித்தான். வெட்டிய பஞ்சுப் பட்டை வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

லைக்கா எம் பற்றிச் சுருக்கமாக. துணித் திரை என்பதால் லென்ஸை மூடாமல் வெயிலில் வைத்தால் சூரியன் அதில் ஓட்டை போட்டுவிடும், பின்கதவு வழியாக டார்ச் அடித்து ஊசித் துளை இருக்கிறதா பாருங்கள். எம்6இன் மேல்தகடு துத்தநாகம், ஈரத்தில் பெயிண்டுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பும், படத்துக்கு ஒன்றும் ஆகாது, விலைக்கு ஆகும். போகஸ் பிடிக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம் ஊரில் வசதிக்குக் குறைவில்லை: சில கிலோமீட்டர் தள்ளி நின்று இரட்டைக் கோபுரத்தின் உச்சி ஊசியைப் பாருங்கள், பினாங்கில் என்றால் கொம்தார் கோபுரத்தின் விளிம்பை. லென்ஸை முடிவிலியில் (∞ குறியில்) வைத்தால் நடுவில் தெரியும் இரண்டு பிம்பமும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒன்றாகச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் சரிசெய்யக்கூடிய விஷயம்தான், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஸ்டுடியோ கேமராக்களைப் பற்றி மனசார ஒன்று சொல்ல வேண்டும். நம் அப்பா அம்மாவின் கல்யாணப் படங்களை எடுத்த கேமராக்கள் இவை. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், ஜார்ஜ்டவுன் பக்கம் ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாகக் கடையை மூடும்போது வெளியே வருகின்றன. ஸ்டுடியோவுக்குள் குளிர்சாதனம் ஓடியிருந்தால் நல்ல நிலையில் இருக்கும். மாமியா ஆர்பி67 லென்ஸோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல், தோளில் மாட்டி ஊர் சுற்ற லாயக்கில்லை, ஆனால் ஸ்டாண்டில் வைத்தால் ராஜா. பின்பகுதியைத் திருப்பினாலே படுக்கைப் படம் நிற்கும் படமாகிவிடும். அதில் லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் மடிப்புத் துருத்தியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்: இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்து, மடிப்பு மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா பாருங்கள்.

ஹாசல்பிளாட் 500சி/எம்மில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு லென்ஸும் தனித்தனியாகப் பழுதாகும். லென்ஸ், உடல் இரண்டுமே முறுக்கேறிய நிலையில் (அடுத்த படம் அழுத்தத் தயாராக) இருந்தால்தான் மாட்டவோ கழற்றவோ வேண்டும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். கடையில் அவசரமாகக் கழற்றச் சொல்லாதீர்கள். பிலிம் போடும் பின்பெட்டியை இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் செருகியில் மூன்று இலக்கம் பொறித்திருக்கும், அது பெட்டியின் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பெட்டிகளைக் கலந்துவிட்டார்கள், படங்களுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக வரலாம். உடலின் வயது தெரிய வேண்டுமா, வரிசை எண்ணின் முதல் இரண்டு எழுத்தே வருடம். வி 1, எச் 2, பி (P) 3, ஐ 4, சி 5, டி (T) 6, யு 7, ஆர் 8, இ 9, எஸ் 0. யுசி என்று ஆரம்பித்தால் 1975. "தொண்ணூறுகளில் வாங்கினது" என்று யாராவது சொன்னால் அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

எங்கே வாங்குவது? பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை, பினாங்கில் லோரோங் கூலிட் மாதிரி பழைய பொருள் சந்தைகளில் கேமரா வரும். விலை குறைவாக இருக்கும், பொறுப்பு யாருக்கும் இல்லை. அங்கே வாங்க வேண்டியது இயந்திரக் கேமரா, அதுவும் கையில் எடுத்து எல்லாச் சோதனையும் செய்த பிறகு. "போலே குராங், அங்கிள்?" (குறைக்க முடியுமா) என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஆனால் குறையைக் காட்டிக் கேளுங்கள், சும்மா கேட்காதீர்கள். கேமராக் கடையில் விலை கூடுதல், ஆனால் ஒரு மாதமோ மூன்று மாதமோ உத்தரவாதம் எழுதிக் கொடுப்பார்கள், மின்னணுக் கேமராவுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமானது. கேரசல், முடா மாதிரி தளங்களில் வாங்கினால் நேரில் பார்த்து வாங்குவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள், எல்ஆர்டி நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் கைமாற்ற நினைக்கிறவரிடம் "பக்கத்து மாமாக் கடையில் உட்கார்ந்து பார்க்கலாமா" என்று கேளுங்கள், ஒரு தே தாரேக் குடிக்கிற நேரத்தில் எல்லாம் பார்த்துவிடலாம்.

ஜப்பானிலிருந்து இணையத்தில் வாங்குவது இன்னொரு வழி. அங்கிருந்து வருபவை பொதுவாகச் சுத்தமாக இருக்கும், ஆனால் "புதிது போல" என்ற தலைப்பை நம்பாமல் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும் லென்ஸ் நிலையைப் படியுங்கள். "ஜங்க்" என்று போட்டிருந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை என்று அர்த்தம். வரியையும் கணக்கில் சேருங்கள்: 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி, அதற்கு மேல் போனால் சுங்கத்தில் தனிக் கணக்கு.

கேமராவைத் தேடும் முன்னால் பழுது பார்ப்பவரைத் தேடி வையுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். கையால் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவரிடம் போய் "எந்த மாடலை நீங்கள் பார்ப்பீர்கள்" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்கிற மாடல்களில் ஒன்றை வாங்குங்கள். ஒரு முழுச் சர்வீஸுக்குச் சில நூறு ரிங்கிட் ஆகலாம், அதை விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

வாங்கியாயிற்றா, ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று பேசி வைத்துக்கொண்டு முதல் ரோலைச் சோதனைக்காகவே எடுங்கள். ஒரே சுவரை, ஒரே வெளிச்சத்தில், வேகத்தைக் கூட்டி அப்பர்ச்சரைத் திறந்துகொண்டே வந்து வரிசையாக எடுங்கள், எந்தப் படம் எந்த வேகம் என்று எழுதி வையுங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து பக்கத்தில் ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து நடுவரிக்குப் போகஸ் பிடித்து ஒன்று, தூரத்துக் கட்டடம் ஒன்று. நடுவில் பத்து நிமிடம் லென்ஸை மூடிக் கேமராவை வெயிலில் வைத்துவிட்டு மிச்சத்தை எடுங்கள், கதவு கசிந்தால் அப்போது தெரியும்.

லேபில் கொடுக்கும்போது நெகட்டிவை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள். ஸ்கேன் செய்கிற இயந்திரம் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானாகச் சரிசெய்துவிடும், ஷட்டரின் குறை அதில் மறைந்துபோகும். நெகட்டிவையே கைப்பேசியின் வெள்ளைத் திரைமேல் வைத்துப் பாருங்கள். சுவர்ப் படங்கள் எல்லாம் ஒரே அடர்த்தியில் இருந்தால் ஷட்டர் சரி. 1/1000 மட்டும் மெலிந்திருந்தாலோ, ஒரு பக்கம் வெறுமையாக இருந்தாலோ திரை தயங்குகிறது. ஓரத்திலிருந்து கறுப்புத் தீற்றல் உள்ளே வந்திருந்தால் வெளிச்சம் கசிகிறது, பஞ்சை மாற்றினால் போதும். படங்களுக்கு நடுவே இடைவெளி ஒன்றுபோல் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிலிம் ஓடும் சக்கரத்தில் கோளாறு. திரை தயங்கினாலோ சக்கரம் கோளாறானாலோ நெகட்டிவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அந்த வாரத்துக்குள்ளேயே விற்றவரிடம் போய்விடுங்கள். எல்லாம் சரியென்றால், கேமராவைத் தோலுறையிலிருந்து எடுத்து, 40இலிருந்து 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்த டிரை கேபினட்டிலோ (ஈரம் எடுக்கும் அலமாரி), சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்ட இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவிலோ வையுங்கள், மாதத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் ஒரு சுற்று அழுத்திவிடுங்கள்.